புது கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் தெரியலையா? ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறும் முன் இதைப் பாருங்க!

கேபினட், மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாக வாங்கி, யூடியூப் வீடியோ பார்த்தே வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் சென்னையில் மட்டும் இல்லை. குடவோலைக் கல்வெட்டுக்குப் பெயர்போன உத்திரமேரூர் பக்கமும் இருக்கலாம். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் படமும் வந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் போடலாம் என்று உட்கார்ந்தால், டிஸ்க் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

சென்னைக்காரர் என்றால் மாலையே கடைக்குப் போய்விடலாம். உத்திரமேரூரில் இருப்பவர் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து மின்சார ரயில் பிடித்து ரிச்சி தெரு போய் வந்தால் ஒரு நாள் காலி. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பது வேறு. அத்தனை தூரம் போன பிறகு, கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று திருப்பிக் கொடுத்தால்? அப்படி நடக்க நிறையவே வாய்ப்பு இருக்கு. டிஸ்க் தெரியாமல் போக டிஸ்க்கே பழுதாகி இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பயாஸ்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தொடர்ந்து தட்டினால் பயாஸ் திறக்கும். அங்கே டிஸ்க் பெயர் இருக்கிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. இல்லை என்றால் பிரச்னை கேபிள், ஸ்லாட், மின்சாரம் அல்லது பயாஸ் செட்டிங் பக்கம். இருக்கிறது என்றால் பெரும்பாலும் விண்டோஸ் பக்கம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'பூட்' பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டிஸ்க் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விண்டோஸ் இன்னும் போடாத புது எஸ்எஸ்டி அந்தப் பட்டியலில் வராமல் இருப்பது சகஜம். 'ஸ்டோரேஜ்', 'சாட்டா' அல்லது 'என்விஎம்இ' என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

பயாஸிலேயே இல்லையா?

ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறங்க. சாட்டா ஹார்டு டிஸ்க்குக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் இரண்டு இணைப்பு வேண்டும். ஒன்று மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய டேட்டா கேபிள். இன்னொன்று எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து வரும் அகலமான பவர் கேபிள். முதல் தடவை அசெம்பிள் செய்பவர்கள் இரண்டில் ஒன்றை மறப்பது உண்டு. இரண்டும் இருந்தால் கழற்றி அழுத்தி மாட்டிப் பாருங்க. அதற்கும் சரிவரவில்லை என்றால் கேபிளையும், பிறகு மதர்போர்டில் போர்ட்டையும் மாற்றிப் பாருங்க. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

ஆனால் ஒரு கேபிளில் மட்டும் பரிசோதனையே கூடாது. கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கியிருந்தால், அதனுடன் வந்த பவர் கேபிளைத்தான் பயன்படுத்த வேண்டும். நண்பரிடம் இருக்கும் வேறு கம்பெனி கேபிள் அச்சாக அதேபோல் இருக்கும், பொருந்தவும் செய்யும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், ஆன் செய்த நொடியிலேயே டிஸ்க் கருகிவிடலாம். அதில் பழைய போட்டோக்கள் இருந்தால் அதோடு அதுவும் போச்சு.

எம்.2 எஸ்எஸ்டிதான் அதிகம் குழப்பும்

சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 எஸ்எஸ்டிக்கு கேபிளே இல்லை, நேராக மதர்போர்டில் செருகிவிடலாம். வேலை சுலபம் போலத் தெரியும். ஆனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சில ஸ்லாட் இரண்டையும் ஏற்கும், சிலது ஒன்றை மட்டும்தான் ஏற்கும். தங்க நிறப் பின் வரிசையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. உறுதியாகத் தெரிய எஸ்எஸ்டி லேபிளையும் மதர்போர்டு மேனுவலையும் பார்க்க வேண்டும்.

சில மதர்போர்டில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டதுமே, குறிப்பிட்ட ஒரு சாட்டா போர்ட் செயலிழந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பாதை என்பதால் இப்படி. "நேத்து வரைக்கும் ஓடின ஹார்டு டிஸ்க் இன்னைக்குக் காணோம்" என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். வேறு சாட்டா போர்ட்டில் மாட்டினால் வந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் பொருள் வாங்குபவர்களுக்கு இன்னொரு பொறி. இன்டெல் பி560 போன்ற 500 வரிசை மதர்போர்டில் 10-ம் தலைமுறை பிராசஸர் போட்டால், பிராசஸரோடு நேரடியாக இணைந்த எம்.2 ஸ்லாட் வேலை செய்யாது. அதற்கு 11-ம் தலைமுறை வேண்டும். போர்டும் நல்ல போர்டு, எஸ்எஸ்டியும் நல்ல எஸ்எஸ்டி, ஆனாலும் தெரியாது. வேறு எம்.2 ஸ்லாட் இருந்தால் அதில் போடுங்க.

செருகும்போது சுமார் 30 டிகிரி சாய்வாக முழுவதும் உள்ளே தள்ளி, பிறகு படுக்கவைத்து ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ தொலைந்துவிட்டது என்று அப்படியே விட்டால் மறுமுனை மேலே எழும்பி நிற்கும், பின் சரியாகப் படியாது.

பயாஸில் இருக்கு, விண்டோஸ் போடும்போது இல்லை!

இன்டெல் 11-ம் தலைமுறை முதல் இந்தத் தொல்லை வரலாம். பயாஸில் 'விஎம்டி' என்ற செட்டிங் ஆனில் இருந்தால், விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி கண்ணில் படாமல் போகலாம். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' என்ற இடத்தில் காட்டினால் டிஸ்க் தெரியும். அல்லது விஎம்டியை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யலாம். ஏற்கனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் இதை மாற்றாதீங்க, பூட் ஆகாமல் நின்றுவிடக்கூடும்.

விண்டோஸ் வந்துவிட்டது, இரண்டாவது டிஸ்க் மட்டும் காணவில்லையா?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்க. புத்தம் புது டிஸ்க் என்றால் 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லும். ஜிபிடி தேர்வு செய்துவிட்டு, 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்தால் போதும். பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது.

பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க் என்றால் கதையே வேறு. 'இனிஷியலைஸ்' என்று கேட்டாலும் சரி, 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று வந்தாலும் சரி, கேன்சல் கொடுங்க. அந்த டிஸ்க்கில் உள்ளதை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், உள்ளே ஒன்றும் இல்லை என்பதல்ல. டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால், அந்தப் பகுதியில் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' மூலம் ஒரு எழுத்து கொடுத்தாலே ஃபைல்கள் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம், 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு அரசு கொடுத்த லேப்டாப். அதில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த லேப்டாப் பழுதானதும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புது கம்ப்யூட்டரில் மாட்டினால், லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. பெயரில்லாத ஒரு பகுதியாகக் காட்டும். காலி இடம் என்று நினைத்து அதை டெலிட் செய்தால், அதில் சேமித்து வைத்த காலேஜ் பிராஜெக்ட், போட்டோ எல்லாம் போய்விடும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து திறந்தால் படிக்கலாம்.

இதனால்தான் விண்டோஸ் போடும்போது புது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி வைப்பது நல்லது. பழைய ஹார்டு டிஸ்க்கை விண்டோஸ் போட்டு முடித்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

எதற்குமே அசையவில்லை என்றால்?

டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்க. சாட்டா டிஸ்க் என்றால் யூஎஸ்பி அடாப்டர் போட்டு லேப்டாப்பிலேயே பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் உடனே நிறுத்திவிடுங்க. ஓட ஓட உள்ளே சேதம் கூடும்.

அங்கேயும் தெரியவில்லை என்றால்தான் பஸ் ஏற வேண்டும். பில், டிஸ்க் லேபிளில் உள்ள சீரியல் நம்பர் இரண்டும் கையில் இருக்கட்டும். பல நிறுவனங்களின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டாலே வாரண்டி எந்தத் தேதி வரை என்று காட்டிவிடும். பில் இருந்தும், வாரண்டி இருந்தும் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு உத்திரமேரூரில் இருந்தபடியே போன் செய்து புகார் கொடுக்கலாம்.