அரைப்பேரும் இதயத்தசையும்: சப்பிரகமுவத் தோட்டங்களின் சோகை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியைத் தீர்மானித்தது செக்ரோல் என்னும் பேரேடாகும். காலைப் பிரட்டுக்கு வந்து, இட்ட வேலையை முடித்தவருக்கு முழுப்பேர். முடிக்க இயலாதவருக்கு அரைப்பேர். அரைப்பேர் விழுந்தமைக்குத் துரைமாரும் கங்காணிமாரும் எளிதிற் கண்ட காரணம் சோம்பல் என்பதே. அக்காரணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இதயத்தசை பற்றிய ஆராய்ச்சியின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வரலாறு எழுதப் புகுந்தவர் உடற்றொழிலியலிற் கால்வைப்பது மிகையெனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் உடலுழைப்பொன்றையே முதலாகக் கொண்டு கடல் கடந்த மக்களின் வரலாற்றை அவ்வுடலை விலக்கி எழுதுதல் எங்ஙனம்?

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் 1889இல் சப்பிரகமுவ மாகாணமாயின. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் விலையேறியபோது எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பெல்மதுளை, காவத்தை முதலிய பகுதிகளிற் பெருநிலங்கள் றப்பருக்குத் திருத்தப்பட்டன; உயர்ந்த சாரல்களில் தேயிலை நின்றது. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். வெப்பமும் ஈரமும் நிழலும் ஒருங்கே அமைந்த இம்மண் றப்பருக்கு உவந்தது போலவே கொழுக்கிப்புழுவுக்கும் உவந்ததாயிற்று. மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் இத்தகைய மண்ணிற் பொரித்துக் குடம்பிகளாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. இவ்வுண்மையைக் கெய்ரோவிற் பணியாற்றிய ஆர்தர் லூஸ் 1898 அளவில் தம் கையிலே தற்செயலாக நேர்ந்த அரிப்பொன்றினால் உணர்ந்தார். லயங்களுக்கு மலகூடம் கட்டித்தருதல் வீண்செலவு எனத் தோட்ட உடைமையாளர் பலர் எண்ணியிருந்த காலமது. றப்பர் மரத்தடியே மலகூடமாயிற்று. விடியலிற் பால்வெட்டச் சென்றவர் மிதித்ததும் அம்மரத்தடியையே.

தோலிற் புகுந்த குடம்பி குருதியோடு இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாகக் குடலை வந்தடைகிறது. இதயத்திற்கு அது வழிப்போக்கனாகச் செய்யும் தீங்கு சிறிது. குடலிற் குடியிருந்து செய்யும் தீங்கே பெரிது. இருவகைக் கொழுக்கிப்புழுக்களுட் சிறியது நாளொன்றுக்கு 0.03 மில்லிலீற்றர் அளவு குருதியை இழக்கச் செய்யும். பெரியது அதனினும் பன்மடங்கு. சிறிய இனத்திலேயே 500 புழுக்கள் இருப்பின் நாளுக்கு 15 மில்லிலீற்றர். இரும்புச்சத்துக் குறைந்த சோற்றையுண்டு வாழ்பவர் இவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது. கண்ணிமை வெளுத்தல், கணுக்கால் வீங்குதல், ஏற்றத்தில் மூச்சிரைத்தல் என்று நம் முன்னோர் பாண்டு எனவும் சோகை எனவும் வழங்கிய நோயின் குறிகள் தோன்றுவன இவ்வாறே.

ஈண்டு இதயத்தசையின் இயல்பை நோக்குதல் வேண்டும். உடலின் ஏனைய உறுப்புகள் ஓய்வுநிலையில், தம்மிடம் வரும் ஒட்சிசனில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கையே எடுத்துக்கொள்ள, இதயத்தசை நான்கில் மூன்று பங்கை எடுத்துவிடுகிறது. அதன் கலங்களின் கனவளவில் மூன்றிலொரு பங்கை இழைமணிகளே நிரப்புகின்றன. ஓய்வறியாத இத்தசைக்குச் சேமிப்பு என ஒன்று இல்லை எனலாம். குருதி நீர்த்துப்போகும்போது, குறைந்த ஒட்சிசனை விரைந்து சுழற்றியேனும் உடலைக் காத்தற்காக இதயம் மிகுதியாக உழைக்கிறது. நிமிடத்திற்கு 5 லீற்றர் இறைக்கும் இதயம் கடுஞ்சோகையில் அதனிருமடங்கை நெருங்குவதுண்டு. ஒட்டோ ஃபிராங்க் 1895இலும், இலண்டனில் ஸ்டார்லிங்கும் அவர்தம் துணைவரும் 1914இலும் காட்டியவாறு, நிரம்பி நீண்ட தசைநார் முன்னிலும் வலிந்து சுருங்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லையுண்டு. எல்லை கடந்தபின் இதயம் விரிந்து தளர்கிறது. கடுஞ்சோகையால் இறந்தோரின் இதயத்தை அறுத்து நோக்கிய 19ஆம் நூற்றாண்டு நோயியலாளர் அதன் உட்சுவரிற் புலிவரி போன்ற மஞ்சட்கோடுகளைக் கண்டனர். ஒட்சிசன் போதாத கலங்களிற் கொழுப்புத் துளிகள் தேங்கியமையே அதன் காரணம்.

ஆகவே, மலையேற மாட்டாமல் இடைவழியில் அமர்ந்துவிட்ட தொழிலாளியின் இதயம் அவரைக் கடிந்துகொண்டு நின்ற கங்காணியின் இதயத்தைவிடக் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தது. செக்ரோலில் அதற்குப் பத்தியில்லை. மேலும், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி வேலையைப் புறக்கணித்தல் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது என்பது மனங்கொள்ளற்பாலது.

இப்பழி நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1902இல் அமெரிக்காவின் தென்மாநில ஏழை வெள்ளையரிடையே இப்புழு பரவியுள்ளமையைச் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் எடுத்துரைத்தபோது, நியூயோர்க் பத்திரிகையொன்று ‘சோம்பற் கிருமி’ என அதற்குப் பெயர் சூட்டியது. அங்கு இயக்கத்தைத் தொடங்கிய ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கைக்கு வந்து, மாத்தளைத் தோட்டங்களிற் பணியை ஆரம்பித்தது. தைமோலும் கீனோப்போடியம் எண்ணெயும், 1921இன் பின்னர் காபன் நாற்குளோரைட்டும் கொடுக்கப்பட்டன. இவை யாவும் நச்சுத்தன்மை வாய்ந்தவை. இதயம் தளர்ந்தோருக்கு அவற்றைக் கொடுக்க மருத்துவர் அஞ்சினர். புழுவினால் மிகுதியும் கெட்டவரே மருந்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. மருந்துண்டவரும் மலகூடமில்லாத லயத்துக்கே திரும்பியமையாற் சில மாதங்களில் மீண்டும் புழுவுக்கு ஆளாயினர். இயக்கத்தின் தளர்ச்சிக்கு மருந்தைக் குறைகூறுவதினும் இச்செலவை மறுத்தவர்களைக் குறைகூறுவதே பொருந்தும் என்பது எம் கருத்து.

சோகை காலத்தே நீங்கின் விரிந்த இதயம் பெரிதும் பழைய அளவுக்கு மீள்கிறது. காலந்தாழ்ந்தவர் நிலை வேறு. இதயத்தசை ஒன்றோடொன்று கலந்த ஒரே பரப்பு என்ற பழைய கருத்தை 1954இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி மறுத்து, அது தனித்தனிக் கலங்களால் ஆனது எனக் காட்டிற்று. அக்கலங்கள் எத்துணை மெதுவாகப் புதுப்பிக்கப்படுகின்றன என்பதை 2009இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் அணுகுண்டுச் சோதனைகளால் வளியிற் பரவிய காபன்-14ஐக் கொண்டு அளந்தனர். இருபத்தைந்து வயதில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று. முதுமையில் அதனினும் பாதி.