இணையப் பாடத்தில் மேற்கோளும் மொழிபெயர்ப்பும்: பினாங்கை முன்வைத்து

பினாங்கில் தொலைநிலைக் கல்விக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் அதைத் தொடங்கியது. இந்நூற்றாண்டில் ஜார்ஜ்டவுனில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. பாடம் இணையத்தில் ஏறிய பிறகு விரிவுரையாளர்கள் கேட்பதெல்லாம், பிறர் எழுத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான். தமிழில் பாடம் எழுதுவோருக்கு அது முதல் கேள்வியாக இருக்கத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு 2012இல் திருத்தப்பட்டபின், நியாயமான பயன்பாடு ஆராய்ச்சி, விமர்சனம் போன்ற சில நோக்கங்களோடு நின்றுவிடவில்லை. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் அதன் விளைவு ஆகியவற்றை எடைபோட்டே முடிவு செய்யவேண்டும். உருவகத்தை விளக்கக் கண்ணதாசனின் நான்கு வரிகளைப் பெயர் சொல்லிக் காட்டுவது இதில் தேறிவிடும். பாட்டின் ஒலிப்பதிவை முழுதாக ஏற்றுவது தேறாது. சிக்கல் காலக்கணக்கில் உண்டு. 1981இல் மறைந்த அவருடைய எழுத்துக்கு மலேசியாவில் 2031 முடிய உரிமை. இந்தியாவில் 2041 வரை. சென்னையிலும் திறக்கும் ஒரே கோப்புக்கு இரண்டு நாட்காட்டிகள்!

மொழிபெயர்ப்பு என்று வரும்போதுதான் சட்டம் இறுகுகிறது. ஆங்கிலப் பாடநூலொன்றை முழுதும் தமிழாக்கி மாணவர்க்குக் கொடுப்பதை நியாயமான பயன்பாடு என்று வாதிடுவது கடினம். அதே சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி மொழிபெயர்ப்பு உரிமத்துக்குப் பதிப்புரிமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் அந்த வழி தேசிய மொழியில் பெயர்ப்பதற்கு மட்டுமே. தமிழுக்கு மிஞ்சுவது உரிமையாளரின் சம்மதம் ஒன்றே. அந்த உரிமையாளர் யார்? 26ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின்போது எழுதியது முதலாளிக்குச் சேரும். தான் எழுதிய பாடத்தைத் தானே தமிழாக்கக்கூட விரிவுரையாளர் நிறுவனத்திடம் கேட்கவேண்டும். ஆகவே பாடக் கையேட்டின் உள்ளட்டையில் நிறுவனம் அச்சிடும் ஒரு வரி உரிமம்தான் தமிழ்ப் பாடத்தின் தலைவிதி. வாவாசானின் முதல் துணைவேந்தர் கஜராஜ் தனராஜன், ஆசியாவின் திறந்தநிலைக் கல்வி வளங்கள் பற்றி 2013இல் வெளிவந்த தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் ஒருவர். யாரும் எடுத்துப் பயன்படுத்த இடம்தரும் திறந்த உரிமம் பற்றிய விவாதம் பினாங்குக்குப் புதிதல்ல. ஆனாலும் திறந்த உரிமம் எல்லாம் ஒன்றல்ல. 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனையுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பாடத்தை இலவசமாகக் கொடுக்கும், தமிழாக்கி வெளியிட விடாது.

மாற்றத்துக்கு இடம்கொடுத்தால், மட்டமான தமிழாக்கம் நிறுவனத்தின் பெயரைக் கெடுக்காதா என்பார்கள். மாற்றியதைச் சொல்லவேண்டும் என்பது மற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின் நிபந்தனை. தன் பெயரை நீக்கச் சொல்லும் உரிமையும் நிறுவனத்துக்கு உண்டு. பிறர் அதை விற்றுச் சம்பாதிப்பார்களே என்ற கவலைக்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. வணிகத் தடை விதிக்கலாம். ஆனால் கட்டணம் வாங்கும் டியூஷன் மையம் வணிகமா இல்லையா என்ற வழக்கு அதோடு கிளம்பும். பழைய அச்சுக் கையேடுகளைத் திறந்த உரிமத்துக்குக் கொண்டுவருவது வேறு வேலை: படங்களுக்கு அச்சில் போட மட்டும் அனுமதி வாங்கியிருந்தால், உரிமத்தை மாற்றுமுன் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியாகவேண்டும்.