குளமும் குடிகளும்

இலங்கையின் உலர்வலயத்திலே மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து சில திங்களில் ஓய்ந்துவிடும். அந்நீரைத் தேக்கிவையாத ஊரிலே சிறுபோக நெல்லை நினைத்தலும் அரிது. ஆதலின், அவ்வலயத்து மக்களின் வறுமையையும் வளத்தையும் ஆராயப் புகுவோர் முதற்கண் நோக்கவேண்டியது குளமேயாம். ஆனால் மண்ணும் கல்லும் மட்டும் குளமாகா. ஆண்டுதோறும் கட்டைத் திருத்துவோரும், வாய்க்காலைத் துப்புரவு செய்வோரும், நீரைப் பங்கிடுவோரும் சேர்ந்தே குளத்தை வாழவைக்கின்றனர். கடந்த இரு நூற்றாண்டு வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

அரசர் காலத்தில் நிலத்தை அனுபவித்தோர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியஞ் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். குளக்கட்டுக்களைப் பேணும் பணியும் அதனுள் அடங்கியிருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் ஆராய்வையொட்டி 1832 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இவ்வூழியத்தை ஒழித்தது. மனிதரைக் கட்டாயத்தினின்றும் விடுவித்தமை நற்செயலே. எனினும் குளங்களைப் பொறுத்தவரை அதனிடத்தில் வேறோர் ஒழுங்கு உடன் அமைக்கப்படவில்லை. ஒருவன் தன் பங்கு வாய்க்காலைத் தூர்வாராது விட்டால், அவனுக்குக் கீழுள்ளோர் வயல்களெல்லாம் காயும்; அவனை வேலைக்கு அழைக்கும் அதிகாரமோ தளர்ந்துபோயிற்று.

1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வாட் இக்குறையை உணர்ந்தார். மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தும் வேலையைத் தொடக்கியதோடு அவர் அமையவில்லை. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தால், பழைய வயல் வழமைகளை ஊரவர் கூடி ஏற்றுச் சட்டவலுவோடு நடத்தவும் வழிசெய்தார். பின்னர் சேர் ஆதர் கோடன் காலத்தில், 1887 இல், தாதுசேனன் கட்டிய கலாவாவி புதுப்பிக்கப்பெற்றது. 1900 இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றிற்று. இவற்றாற் பெருவேலைகள் பெருகின. ஆயின், பெருங்குளங்களின் பொறுப்பு மெல்லமெல்லக் குடிகளின் கையினின்றும் உத்தியோகத்தர் கைக்கு மாறியது.

இம்மாற்றத்தின் விளைவைக் கல்லோயாவிலே தெளிவாகக் காணலாம். பட்டிப்பளை ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் அமைத்துக் காடழித்துக் குடும்பங்களைக் குடியேற்றும் பொருட்டு 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. அணை உறுதியாக எழுந்தது. ஆயினும் மூன்று பத்தாண்டுகளுள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன, கதவுகள் பழுதுற்றன. தலைப்பிலுள்ளோர் மிகுதியாக நீர் பாய்ச்ச, கடைமடையிலுள்ளோர் வறுமையில் வாடினர். அரசாங்கத்தின் வாய்க்காலை அரசாங்கமே திருத்தட்டும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது.

1981 இல் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளராக அக்குடியேற்றங்களுக்கு அனுப்பின. அவ்வாண்டுச் சிறுபோகத் தொடக்கத்தில் நீர்த்தேக்கம் காற்பங்கே நிரம்பியிருந்தது. பூசல் மூளுமென அஞ்சப்பட்ட அவ்வேளையில், விவசாயிகள் சிறு குழுக்களாகக் கூடிச் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சி, மிஞ்சியதைக் கீழேயுள்ளோர்க்கு விடுத்தனர். தலைப்பிலிருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையிலிருந்தோருட் பலர் தமிழ்பேசுவோர். 1956 இல் இன வன்செயலைக் கண்ட அதே பள்ளத்தாக்கிலே இது நிகழ்ந்தமை சிந்திக்கத்தக்கது.

வளர்முக நாடுகள் பலவற்றில் வீதி, வாய்க்கால், மின்கம்பி ஆகியன திறப்பு விழாவோடு முற்றுப்பெற்றனவாகக் கருதப்படுகின்றன. அவை ஏழையின் வீட்டுக்குப் பயன் தருகின்றனவா என்பதைத் தலைவாயிலில் நின்று அறிதல் இயலாது. கடைமடைக்குச் சென்று நோக்குதல் வேண்டும். அங்கே நீர் சேராவிடின், ஆயிரமாயிரம் ஏக்கருக்கென அமைந்த அணையும் அவ்வேழைக்கு வெறுங்கரையே. நீர் சேரவேண்டுமாயின், அணையைக் கட்டும் அரசின் வலிமையோடு, அதனைத் தமதெனப் பேணும் குடிகளின் உரிமையும் இணைதல் வேண்டும். கட்டாயத்தாற் பெற்ற உழைப்பு 1832 இல் முடிவுற்றது. உரிமையாற் பெறும் உழைப்பு எத்தகையதென்பதைக் கல்லோயா விவசாயிகள் 1981 இல் காட்டினர்.