வரிசையில் நிற்கும் தாள்: யூனிக்ஸ் அச்சு வரிசையின் கதை

தேர்வு வாரம், ஆசிரியர் அறையில் ஒரே ஒரு பிரிண்டர். பயிற்சித்தாளுக்குப் ‘பிரிண்ட்’ கொடுக்கிறீர்கள், ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்துறீங்க. அப்பவும் வரல. மூன்றாவது தடவையும் அழுத்திவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் அதே பயிற்சித்தாள் மூன்று மடங்காகக் குவிந்து கிடக்கிறது, தட்டில் தாள் இல்லை, பக்கத்து மேசை ஆசிரியர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு இது நடந்திருக்கிறது.

அன்று நான் அழுத்தியது எதுவும் நேராகப் பிரிண்டருக்குப் போகவில்லை. ஒரு வரிசைக்குப் போனது. அந்த வரிசைக்கு 50 ஆண்டு வரலாறு இருக்கிறது. உங்களிடம் இருப்பது மேக் கணினியோ குரோம்புக்கோ லினக்ஸோ என்றால், அந்த வரலாறு இப்போதும் உங்கள் மேசையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம், வாங்க.

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் பழைய கணினி ஒன்றில் அதை எழுதத் தொடங்கினார்கள். புதுக் கணினி வாங்க நிர்வாகம் லேசில் பணம் தரவில்லை. கடைசியில், ஆவணங்களைத் தட்டச்சு செய்து, திருத்தி, வடிவமைத்து அச்சிட ஓர் அமைப்பைச் செய்து தருகிறோம் என்று சொன்னபோதுதான் பிடிபி-11 கணினி கிடைத்தது. 1971இன் பிற்பாதியில் அதே நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள் நாள் முழுவதும் அதில் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணினியின் நினைவகம் 24 கிலோபைட், வட்டு அரை மெகாபைட். இன்று உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த வட்டில் இடம் போதாது. ஆக, யூனிக்ஸ் தன் செலவை ஈடுகட்டியதே தாளில் எழுத்தை இறக்கிக் காட்டித்தான்.

ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஒரு சிக்கல் வரும். திரையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். தாளில் முடியாது. இருவருடைய எழுத்தும் ஒரே நேரத்தில் பிரிண்டருக்குப் போனால், ஒரு வரி இவருடையது, அடுத்த வரி அவருடையது என்று கலந்து வரும். அதனால் வேலைகளை முதலில் வட்டில் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, பிறகு ஒவ்வொன்றாக வெளியே விடும் வழக்கம் வந்தது. அதற்கு ‘ஸ்பூல்’ என்று பெயர். நூல் சுற்றும் உருளைக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். சுற்றி வைத்துவிட்டு, வேண்டும்போது இழுத்துக்கொள்வது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கு.

1975இல் வந்த யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் ‘எல்.பி.டி.’ என்ற நிரல் இருந்தது. எல்.பி. என்றால் லைன் பிரிண்டர், அதாவது ஒரு முழு வரியை ஒரே நேரத்தில் அடிக்கும் பெரிய இயந்திரம். கடைசி எழுத்து ‘டீமன்’. யாரும் கூப்பிடாமலே பின்னணியில் விழித்திருக்கும் நிரலை யூனிக்ஸ்காரர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். பாட்டி கதையில் புதையல் காக்கும் பூதம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இதை வளர்த்தெடுத்தது. அங்கே உருவான முறையில் ‘எல்.பி.ஆர்.’ என்று கட்டளை கொடுத்தால் இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்றில் அச்சிட வேண்டிய உள்ளடக்கம் இருக்கும். இன்னொன்று சின்னச் சீட்டு: யார் அனுப்பினார், எந்தக் கணினியிலிருந்து, முகப்புத் தாள் வேண்டுமா, முடிந்ததும் எதை அழிக்க வேண்டும். டீமன் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வேலையை எடுக்கும். ‘எல்.பி.கியூ.’ என்று தட்டினால் வரிசை தெரியும்: யாருடையது ஓடுகிறது, யார் முதலில், யார் இரண்டாவது. ‘எல்.பி.ஆர்.எம்.’ கொடுத்தால் உங்கள் வேலையை நீங்களே விலக்கிக்கொள்ளலாம். அடுத்தவர் வேலையில் கை வைக்க முடியாது.

பிரிண்டரை அமைப்பதற்கு ‘பிரிண்ட்கேப்’ என்று ஒரே ஒரு கோப்பு. அதைக் கையால்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு அமைப்புக்கும் ஈரெழுத்துச் சுருக்கம். ‘எஸ்.டி.’ என்றால் வரிசையை வைக்கும் அடைவு. ‘எல்.எஃப்.’ என்றால் பிழைகளை எழுதி வைக்கும் கோப்பு. ‘எம்.எக்ஸ்.’ கோப்பின் உச்ச அளவு; சுழியம் போட்டால் வரம்பே இல்லை. ‘ஆர்.எம்.’ என்றால் பிரிண்டர் இங்கே இல்லை, வேறொரு கணினியில் இருக்கிறது என்று பொருள். ‘எஸ்.எச்.’ போட்டால் முகப்புத் தாள் வராது. முகப்புத் தாள் என்பது பயனரின் பெயரைப் பக்கம் நிறையப் பெரிதாக அடித்து, இவருடையது இங்கே தொடங்குகிறது என்று காட்டும் தாள். வீணாகும் தாள் என்று திட்டுவார்கள். ஆனால் முப்பது பேர் வேலை ஒரே தட்டில் விழும் இடத்தில் அது இல்லாமல் பிரிப்பது பாடுதான். இந்தச் சுருக்கங்களை முக்காற்புள்ளிகளால் பிரித்து, வரி மடங்கும் இடத்தில் ஒரு சாய்கோடு போட வேண்டும். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், மீதி அமைப்பு படிக்கப்படாமலே போய்விடும். நம்ம மாணவர் விட்டுவிடும் ஒற்றுப்புள்ளி மாதிரி, பார்க்க ஒன்றுமில்லை, பொருள் மாறிவிடும்.

இதே காலத்தில் ஏ.டி.அண்ட்.டி. தன் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் வேறொரு முறையைக் கட்டியது. அங்கே அனுப்ப ‘எல்.பி.’, பார்க்க ‘எல்.பி.ஸ்டாட்’, விலக்க ‘கேன்சல்’, பிரிண்டரைச் சேர்க்க ‘எல்.பி.அட்மின்’. பிரிண்டர்களைக் குழுவாகச் சேர்க்கவும் முடியும். குழுவில் எது சும்மா இருக்கிறதோ அதில் வேலை விழும்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். இரண்டு குடும்பங்களுமே ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தன: ஒரு வரிசைக்கு இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். ஒன்று வாசலில், புதிய வேலைகளை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதற்கு. மற்றொன்று பிரிண்டர் பக்கம். உள்ளே காத்திருப்பதை அச்சிடுவதா வேண்டாமா என்பதற்கு. மை மாற்றும்போது பின்தாழ்ப்பாளை மட்டும் போட்டால் போதும், அனுப்புவோர் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். பிரிண்டரை வேறிடத்துக்கு மாற்றப் போகிறோம் என்றால் வாசலை மட்டும் சாத்தி, உள்ளே இருப்பதை முடித்துவிடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பெயர் வைத்ததில் குழப்பம். பெர்க்லி முறையில் ‘டிஸேபிள்’ என்றால் வாசல் மூடும். சிஸ்டம் ஃபைவில் அதே ‘டிஸேபிள்’ பின்தாழ்ப்பாளைப் போடும். வாசலை மூட அங்கே ‘ரிஜெக்ட்’ என்று தனிச்சொல். இரண்டு வகைக் கணினியையும் பார்த்துக்கொண்ட நிர்வாகி ஒரே சொல்லைத் தட்டி இரண்டு எதிரெதிர் விளைவைப் பெற்றிருப்பார்.

பெர்க்லி நிர்வாகியிடம் வேறு இரண்டு கட்டளைகளும் இருந்தன. ‘டாப்கியூ’ ஒரு வேலையைத் தூக்கி வரிசையின் முன்னால் வைக்கும். சாதாரணப் பயனருக்கு அந்த உரிமை கிடையாது. ‘டவுன்’ இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, கூடவே ஒரு வாக்கியம் எழுத இடம் தரும். வரிசையைப் பார்ப்பவர் எல்லோருக்கும் அந்த வாக்கியம் தெரியும்: தாள் மதியம் வரும், பொறுத்திருங்கள், இப்படி. காத்திருப்பவருக்கு ஏன் காத்திருக்கிறோம் என்று சொல்லும் வழி அது. நிர்வாகி எழுத மறந்தால் அதுவும் இல்லை.

அந்தத் தகவல் யாருக்குப் போக வேண்டும் என்பதில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. அது நடந்த எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் அப்போது யூனிக்ஸ் இல்லை, வேறு இயங்குதளம். அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். தாள் சிக்கிக்கொண்டால் வரிசையில் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் செய்தி போகும், யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரி செய்வார். 1980ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனத்திடமிருந்து புதிய லேசர் பிரிண்டர் வந்தது. வேகம் அதிகம், ஆனால் அதன் மூல நிரல் கைக்கு வரவில்லை. எனவே அந்த அறிவிப்பை அதில் சேர்க்க முடியவில்லை. மூல நிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் இதை மறக்கவில்லை. 1983 செப்டம்பரில், யூனிக்ஸைப் போன்ற, எல்லாரும் படித்துத் திருத்தக்கூடிய ‘குனு’ இயங்குதளத்தை அறிவித்தார். இதை அவர் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

லேசர் பிரிண்டர் வந்ததும் வரிசைக்கு வேறொரு சுமை கூடியது. அதற்கு முன்னால் நிரல் எழுத்துகளை மட்டும் அனுப்பியது. அதிலேயே தகராறு உண்டு. வரி முடிந்தது என்பதைக் காட்ட யூனிக்ஸ் ஒரே குறியைப் போடும். பல பிரிண்டர்கள் இரண்டு குறியை எதிர்பார்த்தன, ஒன்று கீழே இறங்க, ஒன்று இடப்பக்கம் திரும்ப. இரண்டாவது இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கி, எழுத்தெல்லாம் படிக்கட்டு இறங்கிப் போகும். 1984இல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டரும் வந்தபின், பக்கத்தை ஒரு வரைபடமாக விவரித்து அனுப்பும் வழக்கம் வந்தது. லைன் பிரிண்டரின் அச்சுச் சங்கிலியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும்தான் இருந்தன, ‘ழ’வுக்கு அங்கே இடமில்லை. வரைபடமாக அனுப்பினால் எந்த மொழி எழுத்தானாலும் ஒன்றுதான். நம்ம பயிற்சித்தாள் இன்று தமிழில் வருவது இந்த மாற்றத்தால்தான்.

வரிசை இப்போது ‘வடிகட்டி’ நிரல்களை நம்பத் தொடங்கியது. கோப்பின் முதல் இரண்டு குறிகள் சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியுமாக இருந்தால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட். இல்லையென்றால் வெறும் எழுத்து. வடிகட்டி ஏமாந்தால் ஒரு பக்கப் படத்துக்குப் பதில் அதன் நிரல் வரிகள் நூறு பக்கத்துக்கு அச்சாகி வரும்.

1990இல் பெர்க்லி முறையின் உரையாடல் விதிகள் ஆவணமாக்கப்பட்டன. அதில் பெரிய ஓட்டை ஒன்று: வரிசையின் நிலை என்ன என்று கேட்கலாம், ஆனால் பதில் எந்த வடிவில் வர வேண்டும் என்று விதி இல்லை. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளலாம், நிரல் புரிந்துகொள்வது கடினம். 1997இல் மைக்கேல் ஸ்வீட் என்பவர் இரண்டு யூனிக்ஸ் குடும்பங்களுக்கும் பொதுவாக ‘கப்ஸ்’ என்ற அமைப்பை எழுதத் தொடங்கி, 1999இல் வெளியிட்டார். எல்.பி.ஆரும் அதில் வேலை செய்யும், எல்.பி.யும் வேலை செய்யும். அடியில் ஓடுவது ஐ.பி.பி. என்ற புதிய நெறிமுறை. அதில் தாள் தீர்ந்தது, தாள் சிக்கியது என்பதற்கெல்லாம் வரையறுத்த சொற்கள் உண்டு. இரண்டு தாழ்ப்பாளும் அதில் தனித்தனிப் புலங்களாகவே இருக்கின்றன. கப்ஸ் வெளிவந்தது ஸ்டால்மன் எழுதிய குனு உரிமத்தின் கீழ். இது அவருக்கு நிச்சயம் பிடித்திருக்கும். 2002இல் ஆப்பிள் அதை மேக்கில் சேர்த்தது, 2007இல் மூல நிரலையே வாங்கிக்கொண்டது.

எல்லாம் சுலபமாகிவிடவில்லை. 2004இல் எரிக் ரேமண்ட் என்ற அனுபவமிக்க நிரலாளர், வீட்டில் இன்னொரு கணினியோடு இணைத்திருந்த பிரிண்டருக்கு அச்சிட முயன்று பட்ட பாட்டைக் கட்டுரையாகவே எழுதினார். அவருக்கே அந்தக் கதி!

இனி நம் ஆசிரியர் அறைக்கு வருவோம். பல கணினிகளில் கப்ஸ் ஒரு வழக்கத்தோடு அமைந்திருக்கும்: அச்சிடும்போது ஒரு தடவை கோளாறு வந்தால் பின்தாழ்ப்பாள் தானாக விழுந்துவிடும், வாசல் திறந்தே இருக்கும். பிரிண்டரின் மின்சாரத்தை யாரோ அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் தாழ்ப்பாள் தானாகத் திறக்காது. நீங்கள் அழுத்த அழுத்த வேலைகள் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். மேக்கில் கீழ்வரிசையில் இருக்கும் பிரிண்டர் படத்தைத் தட்டினால் வரிசை விரியும். மேலே இருக்கும் ‘ரெஸ்யூம்’ பொத்தான்தான் அந்தத் தாழ்ப்பாள். அதை அழுத்துமுன் பட்டியலைப் பாருங்க. ஒரே பயிற்சித்தாள் மூன்று தடவை இருந்தால் இரண்டை முதலில் நீக்கிவிடுங்கள்.