தோட்டாவில் தடவிய கொழுப்பு: என்ஃபீல்டு என்னும் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு



புல்லட் மோட்டார் சைக்கிளின் ஓசையை அறியாத வடசென்னைக் குடும்பம் இராது. 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. அதன் பயனாக எழுந்த ஆலை நம் திருவொற்றியூரில் அமைந்தது. அவ்வண்டியின் பழைய சின்னத்தில் ஒரு பீரங்கி இருப்பதைப் பலர் பார்த்திருப்பர்; ஏன் என்று கேட்டவர் சிலரே. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்னும் ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1890களில் ரெட்டிச் நிறுவனத்தார் அத்தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்தனர். அந்த உறவினால் வந்த பெயரே அது.

அதே தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி இந்தியாவுக்கு வந்த வேறொரு பொருள்தான் இக்கட்டுரையின் விஷயம். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியும், அதன் தோட்டாவில் தடவப்பட்ட மசகும் ஒரு பேரரசை ஆட்டிவைத்தன. பள்ளிப் பாடநூல்களில் இது இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது: பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, வதந்தி, கலகம். அந்த 'வதந்தி' என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில், துப்பாக்கிக்கு மசகு எதற்கு? அக்காலத்துக் கருமருந்து எரிந்தபின் குழாயினுள் கெட்டியான கரி படியும். பழைய துப்பாக்கியின் குழாய் வழவழப்பானது; குண்டு தளர்வாக இறங்கும்; கரி படிந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் குறி 100 கஜத்துக்கு அப்பால் நிற்காது. என்ஃபீல்டின் குழாயினுள் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவ்வரிகள் குண்டைச் சுழலவைப்பதால் குறி பல நூறு கஜம் தப்பாமல் செல்லும். வரிகளில் கரி அடைத்துக்கொண்டால் அடுத்த குண்டை வாய்வழியே இடித்து இறக்குவது கடினம். ஆகவே குண்டைச் சுற்றிய காகிதத்தில் ஒரு மசகு தடவினர். அது கரியை இளக்கி வழிவிடும். இங்கிலாந்தில் அதற்குத் தேர்ந்தது மிருகக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கலவை. கொழுப்பு மலிவு, எளிதில் பரவும். மெழுகு வெயிலில் அது உருகி ஓடாமல் பிடித்து நிறுத்தும்.

சிப்பாய்க்குக் கற்பிக்கப்பட்ட முறை இதுதான்: காகிதத் தோட்டாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், மருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும், பின்பு குண்டைத் திருப்பி வைத்து இடிக்க வேண்டும். கொழுப்பு தடவியது குண்டு இருக்கும் முனை, கடிப்பது மருந்து முனை என்று வாதிப்போர் உண்டு. பையில் கட்டுக்கட்டாக அடுக்கி, வங்காளத்து வெயிலில் சுமந்து செல்லும் கொழுப்பு ஒரு முனையோடு நின்றுவிடுமா? சமையல் செய்யும் எந்தத் தாயிடமும் கேட்டுப் பாருங்கள்.

1853இல் மசகு தடவிய தோட்டாக்கள் தட்பவெப்பச் சோதனைக்காக இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அப்போதே வங்காளப் படையின் தலைமை நிர்வாக அதிகாரியான டக்கர் எழுத்தில் எச்சரித்தார்: மசகு மார்க்கத்துக்கோ சாதி ஆசாரத்துக்கோ ஊறு செய்யாதது என்று உறுதிப்படுத்தாமல் சுதேசிப் படைகளுக்குக் கொடுக்கலாகாது என்றார். அந்த எச்சரிக்கை அலுவலகக் கட்டுகளுக்குள் அடங்கிப்போனது. பின்னர் கல்கத்தா வில்லியம் கோட்டை ஆயுதச்சாலையில் தோட்டா செய்யத் தொடங்கியபோது, கொழுப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கப்பட்டது. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று எவரும் நிபந்தனை விதிக்கவில்லை. இதை விசாரணையில் ஒப்புக்கொண்டவர்கள் ஆயுதச்சாலையின் அதிகாரிகளே.

1857 ஜனவரியில் டம்டம் படைமுகாமில் ஒரு கலாசித் தொழிலாளி பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பு கேட்டார். அவர் மறுத்தபோது, பசுவும் பன்றியும் கலந்த கொழுப்பைக் கடிக்கப்போகும் உமக்கு இன்னும் என்ன சாதி என்று தொழிலாளி கேட்டதாக அதிகாரிகளுக்குச் செய்தி சென்றது. அம்மாத இறுதிக்குள் அரசு ஓர் உத்தரவு போட்டது: தோட்டாக்களை மசகு இல்லாமலே கொடுங்கள், சிப்பாய்கள் தமக்கு உகந்ததைத் தாமே வாங்கித் தடவிக்கொள்ளட்டும். மார்ச் மாதத்தில் பல்லால் கடிப்பதற்குப் பதில் கையால் கிழிக்கும் முறையும் வந்தது. அறிவான முடிவுகள்தாம்; ஆயினும் காலங்கடந்தவை. முன்னரே சொல்லாததை அச்சம் பரவியபின் சொன்னால், மறைக்க ஏதோ இருந்தது என்றுதான் மனிதர் எண்ணுவர். சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்தின் பளபளப்புக்குத் தாவியது.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையின் 90 பேரை அணிவகுக்கச் செய்து தோட்டாக்களை நீட்டினர். அவை புதியவை அல்ல, அவர்கள் முன்பு பயன்படுத்திய பழைய வகையே. 85 பேர் தொட மறுத்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். மே 9 அன்று எல்லோர் முன்னிலையிலும் சீருடை கிழிக்கப்பட்டு, காலில் விலங்கு பூட்டப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் மீரட் எழுந்தது. அதற்கு மறுநாள் டெல்லி.

தமிழ் நிலத்துக்கு இது முதல் அனுபவமன்று. அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன், 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். புதிய தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம்; தாடியை ஒழுங்குபடுத்தவும் நெற்றிக் குறியை நீக்கவும் உத்தரவு. அந்தத் தோல் எந்த மிருகத்துடையது என்ற கேள்வி அங்கும் எழுந்தது. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மக்கள் காவலில் இருந்தனர். ஆளுநர் பெண்டிங்க் பிரபு திரும்ப அழைக்கப்பட்டார். ஆனால் வேலூரின் பாடத்தைக் கல்கத்தா படிக்கவில்லை.

மார்க்கத்தின் பார்வையில் சிப்பாயின் மறுப்பு எவ்வளவு நியாயமானது? பன்றி ஹராம் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். உண்மையில் மாட்டுக் கொழுப்பேயாயினும், முறைப்படி அறுக்கப்படாத மாடு நமக்குச் செத்த பிராணியே. ஆக, 'பன்றி இல்லை' என்ற உறுதிமொழி கிடைத்திருந்தாலும் முஸ்லிம் சிப்பாயின் கேள்வி முடிந்திராது. வாயில் படும் பொருள் உண்ணும் பொருளின் சட்டத்துக்கு மிக அருகில் வருகிறது.

தடவுவதன் சட்டம் வேறு. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மது, செத்த பிராணி, பன்றி, சிலை ஆகியவற்றின் விற்பனை தடுக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, செத்த பிராணியின் கொழுப்பைக் கப்பல்களுக்குப் பூசுகிறார்களே, தோலுக்குத் தடவுகிறார்களே, விளக்கு எரிக்கிறார்களே என்று தோழர்கள் கேட்டனர். கூடாது, அது ஹராம் என்று பதில் வந்தது. 'அது' என்பது விற்பனையைக் குறிக்கிறதா, பயன்பாட்டையா? விற்பனையையே குறிக்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சரியான கருத்து என இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். எனவே கப்பலுக்குப் பூசலாம். பயன்படுத்துவதும் கூடாது என்போரும் பலர். ராயபுரம் கடற்கரையில் மரக்கலங்களுக்கு எண்ணெய் பூசிய நம் முன்னோர்க்கு இது ஏட்டுச் சட்டமாக இருந்திராது.

கொழுப்பின் காலம் பெட்ரோலியத்தால் முடிந்தது. பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிகளுக்குப் பின்னாளில் பெயர்பெற்ற மசகு 'ரங்கூன் எண்ணெய்'; பர்மாவின் நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்தது. புகையற்ற வெடிமருந்தான கார்டைட்டிலும் 5 சதவீதம் பெட்ரோலிய ஜெல்லி சேர்த்தனர்; குழாய்க்கு மசகாக இருக்கட்டும் என்பதே முதல் நோக்கம். அந்த மருந்தைச் செய்ய நீலகிரியின் அருவங்காட்டில் ஆலை எழுந்தது. பர்மா எண்ணெயின் தொட்டிகள் நம் சென்னைத் துறைமுகத்திலும் நின்றன. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசி எரித்தது அவற்றைத்தான். 'எம்டன்' என்று இன்றும் நாம் சொல்லும் சொல் அந்த இரவின் மிச்சம்.

இன்று மசகு எண்ணெயின் மூலப்பொருள் மணலியிலேயே வடிகிறது. 1965இல் ஈரானின் எண்ணெய் நிறுவனத்தின் பங்கோடும் தொடங்கப்பட்ட சுத்திகரிப்பு ஆலை அது. பட்டறைகளில் பெரிதும் புழங்கும் லித்தியம் கிரீஸைக் கெட்டியாக்குவது ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் ஒரு பொருள். சிலவகை கிரீஸ்களில் மிருகக் கொழுப்பும் சேர்வதுண்டு. எனவே எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் பட்டறை வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி வீணானதன்று. பொருள்களின் அடிப்படை தூய்மையே. வெறும் சந்தேகத்தால் அது நீங்காது. பன்றிக் கொழுப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே, ஷாஃபிஈ மத்ஹபினர் ஏழு முறை கழுவி அதில் ஒருமுறை மண் சேர்க்க வேண்டும்.

அன்றாடம் அதிகம் பிழையாவது வேறோர் இடத்தில். எண்ணெயின் வழவழப்பு உளூவைத் தடுக்காது. தண்ணீர் தோலைத் தொட்டுவிடும். கெட்டியாகப் படிந்த கிரீஸ் தடுக்கும். பெரும்பாலும் அது நக இடுக்கிலும் விரல் மடிப்பிலும் தங்கியிருக்கும். லுஹருக்கு முன் அதைச் சோப்பும் துணியும் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டுப் பின்பு உளூச் செய்ய வேண்டும்.