உருவி எடுக்கக்கூடிய குழாய்

இதயத்தில் வைக்கிற ஸ்டென்ட்டைக் கொங்கு நாட்டில் தெரியாத ஊர் குறைவு. மூச்சுக்குழாய்க்கும் ஒன்று உண்டு. சில சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சிலிக்கோன் குழாய், வெளிப்புறம் வரிசையாகச் சின்ன முளைகள். மார்சேய் நகர மருத்துவர் ழான்-பிரான்சுவா டுமோன் 1990இல் இதை விவரித்து எழுதினார். இருமினாலும் நழுவாமல் சுவரைப் பிடித்துக்கொள்ளவே அந்த முளைகள். கட்டி அடைத்த மூச்சுவழியைத் திறந்துவைப்பது அதன் ஆரம்ப காலப் பெரிய வேலை.

நுரையீரல் மாற்று பரவியபோது இன்னொரு வேலை சேர்ந்தது. 1963இல் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக நுரையீரலை மாற்றினார். நோயாளி 18 நாள் இருந்தார். பின்வந்த முயற்சிகள் பலவற்றைக் கெடுத்தது மூச்சுக்குழாய்த் தையல். 1983இல் டொரன்டோவில் ஜோயல் கூப்பர் குழு வென்றதற்கு, அந்தத் தையல் ஆறுவதில் அவர்கள் காட்டிய அக்கறையும் காரணம். மூச்சுக்குழாய்க்கு ரத்தம் தரும் சன்னமான தமனிகள் அறுவையில் துண்டிக்கப்படுகின்றன. பொதுவாக மறுபடி இணைப்பதில்லை. நுரையீரல் பக்கமிருந்து பின்னோக்கி ஊறிவரும் ரத்தத்தை நம்பியே இணைப்பு ஆற வேண்டும். அது போதாவிட்டால் வடு தடித்து வழி குறுகும். அந்த வழியைத் திறந்துவைப்பதே ஸ்டென்ட்டுக்குச் சேர்ந்த வேலை.

சென்னையில் மாற்று முடித்து ஈரோட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ திரும்பியவருக்கு, சில மாதம் கழித்துப் படியேறினால் இரைக்கலாம். "வீசிங்குங்க" என்பார்கள் வீட்டில். இன்ஹேலருக்குக் கேட்காத வீசிங்கை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கிருமித்தொற்றா, உடல் புது உறுப்பை எதிர்க்கிறதா, இணைப்பு சுருங்கியதா என்பது உள்ளே குழாய்விட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

சுருக்கம் என்றால் முதலில் பலூன் வைத்து விரிப்பார்கள். திரும்பத் திரும்பச் சுருங்கினால் ஸ்டென்ட். சிலிக்கோன் ஸ்டென்ட்டை முழு மயக்கத்தில், வளையாத உலோகக் குழாய் வழியே மடித்துத் தள்ளினால் உள்ளே போய்த் தானே விரிகிறது. உலோக வலை ஸ்டென்ட்டை வைப்பது எளிது. ஆனால் சதை அதில் பின்னி வளர்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. புற்றல்லாத சுருக்கங்களில் அதை அவசரப்பட்டு வைக்க வேண்டாமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. சிலிக்கோனை உருவி எடுத்துவிடலாம். அதன் குணங்களில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

சிலிக்கோனிலும் தொல்லை உண்டு. சளி ஒட்டி அடைக்கும், இடம் நகரும், ஓரத்தில் சதை முளைக்கும். அதனால்தான் உப்புநீர் நெபுலைசரை விடாமல் எடுக்கச் சொல்கிறார்கள். வார்ப்படப் பட்டறைப் புகைக்கும் பஞ்சுத் தூசிக்கும் திரும்புவது அறவே கூடாது. பல மாதம் கழித்து, வடு அடங்கியதென்று தெரிந்தால் ஸ்டென்ட்டை எடுத்துப் பார்ப்பார்கள். வழி திறந்தே நின்றால் அதன் வேலை முடிந்தது. மீண்டும் குறுகினால் புதிதாக ஒன்று உள்ளே போகும்.