கம்பைலரையும் சேர்த்துக் கட்டின பொட்டலம்

பொட்டி தட்டுற மக்களே, ஒரு பழைய பஞ்சாயத்து. கோட் எழுதுற எடிட்டரோட, வேற ஆளுங்க செஞ்ச கம்பைலரையும் சேர்த்துக் கட்டித் தரணுமா?

பிளட்ஷெட் டெவ்-சி++ ஞாபகம் இருக்கா? காலின் லப்லாஸ் எழுதினது. விண்டோஸுக்கான ஜிசிசியும் (மிங்டபிள்யூ) கூடவே வரும். பாத் செட்டிங்கோட மல்லுக்கட்ட வேண்டாம், நிறுவினதும் ப்ரோகிராம் ஓடும். புதுசா சி++ படிக்கிறவனுக்கு அது வரம்தாங்க.

வினையும் அதுலயே இருந்துச்சு. 2005 பிப்ரவரியில் வந்த 4.9.9.2 பதிப்போட இருந்தது ஜிசிசி 3.4.2. அப்புறம் எடிட்டர் தூங்கிடுச்சு. ஜிசிசிகாரங்க தூங்கலை, அதே ஏப்ரல்ல 4.0 விட்டாங்க. 2011ல் சி++11 வந்தப்பவும் அந்தப் பழைய பொட்டலத்தை இறக்கினவனுக்குக் கிடைச்சது 3.4.2 தான். புதுப் புத்தகத்தைப் பார்த்து 'ஆட்டோ'ன்னு (மூணு சக்கரம் இல்லீங்க!) தட்டினா எர்ரர். பையன் தப்பு தன்னோடதுன்னுதானே நினைப்பான்? கம்பைலரை மட்டும் மாத்தலாம்னு எப்படித் தெரியும், அது வேற பொருள்னே தெரியாதவனுக்கு?

அதே 2011ல் ஆர்வெல்ங்கிற பேர்ல ஒரு புண்ணியவான் எடிட்டரை எழுப்பினார். 2015ல் வந்த அவரோட 5.11 பதிப்புல டிடிஎம்-ஜிசிசி 4.9.2, அதாவது இன்னொருத்தர் கட்டின ஜிசிசி. அதுவும் அங்கேயே நின்னுடுச்சு. 2020ல் எம்பர்காடெரோ எடுத்துக்கிட்டு டிடிஎம் 9.2 வச்சுக் கொடுத்தாங்க.

என் ஓட்டு கோட்::பிளாக்ஸ் வழிக்குத்தான். கம்பைலரோட ஒரு பொட்டலம், இல்லாம ஒண்ணு. மெலிஞ்சதை எடுத்தா, உங்க பொட்டியில ஏற்கெனவே இருக்கிற கம்பைலரை அதுவே தேடிப் பார்த்து, எது வேணும்னு கேட்கும்.